பதினோராம் பக்கத்துப் பெஞ்சு

லெட்டியம்மா எங்கள் மிக்கேல்குறிச்சிக் கோயிலுக்கு வந்தது மாதா திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, நான் தரையைக் கழுவிவிட்டு முதல் பெஞ்சைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில்தான். பிற்பாடு ஊரில் ஆளுக்கொரு நாளும் ஆளுக்கொரு நேரமும் சொன்னார்கள், வானத்திலிருந்து வெளிச்சம் இறங்கியது என்றுகூடச் சொன்னார்கள், அப்படியெல்லாம் எதுவும் இல்லை. தரை ஈரமாக இருந்ததால் என் கையில் இருந்த புத்தகத்தைப் பெஞ்சின் மேல் விரித்தபடி வைத்துவிட்டுப் பீடத்துப் பக்கம் வாளியைத் தள்ளிக்கொண்டு போனேன், திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா உட்கார்ந்திருந்தது, புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் பெஞ்சு மட்டும் இருந்தது.

எங்கள் கோயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் எங்கே உட்காரக் கூடாது என்று எங்கள் கோயிலில் எந்தச் சுவரிலும் எழுதிவைத்ததில்லை. பெஞ்சுகளின் முதுகில்தான் எழுதியிருக்கும், வெள்ளைப் பெயிண்டில், இன்னார் குடும்பத்தார் உபயம் என்று. இருபத்திரண்டு பெஞ்சு, இருபத்திரண்டு குடும்பம், எல்லாம் மேலத்தெரு. கொடுத்தவர்கள் உட்கார்கிறார்கள், இதில் என்ன தப்பு என்று கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது. காலனிக்காரர்கள் நாங்கள் தெற்கு வாசல் வழியாக வந்து தூணுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்காருவோம். ஒரு வருசம் எங்கள் வீடுகளெல்லாம் சேர்ந்து நாங்களும் ஒரு பெஞ்சு செய்து கொடுத்தோம், வேப்பமரத்தில், நல்ல கனமாக. வைக்க இடம் இல்லை என்று அதை மணிக்கூண்டுக்குக் கீழே போட்டு, இறக்கை உடைந்த சம்மனசு சுரூபம் ஒன்றை அதன்மேல் படுக்கவைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் அது அங்கேதான் படுத்திருக்கிறது. சனிக்கிழமை தோறும் இருபத்திரண்டு பெஞ்சையும் துடைப்பது என் வேலை. சனிக்கிழமை என் கை படலாம், ஞாயிற்றுக்கிழமை என் சேலை படக் கூடாது.

அந்தப் புத்தகம் என் மகன் இஞ்ஞாசி எழுதியது. சென்னையில் பிள்ளைகளுக்கான புத்தகம் போடுகிற இடத்தில் அவனுக்கு வேலை. கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்தில், கறுப்பு நிறத்தவர்கள் உட்காரக் கூடாது என்று பலகை மாட்டிய ரயிலடிப் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லி, ஜெயிலுக்குப் போய், வந்து, மறுபடியும் உட்கார்ந்து, கடைசியில் அந்தப் பலகையைக் கழற்றவைத்த லெட்டி என்ற சலவைக்காரப் பெண்ணின் கதை. இருபது பக்கம், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. நான் எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டேன். நாலாம் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுவேன்.

இஞ்ஞாசி ஊருக்கு வந்து பதினேழு வருசம் ஆகிறது. கிறிஸ்துமசுக்கு மகள் ஜெசிந்தா வீட்டுக்கு, திண்டுக்கல்லுக்கு வருவான், நானும் அங்கே போவேன். மிக்கேல்குறிச்சிக்கு வாடா என்றால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். செத்தால்கூட வர மாட்டாயா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "நீ எங்கூட வந்துரும்மா" என்றான். எனக்கு என் கோயில், என் செபமாலை, அவனைப் பெற்ற வீடு. அவன் ஒரே ஒருநாள் அந்த நடைவாசலில் ஏறி வந்துவிட வேண்டும் என்பதுதான் பதினேழு வருசமாக என் செபத்தின் கடைசி வரி. அவன் வரவில்லை, அவன் எழுதிய பெண் வந்து உட்கார்ந்திருந்தது.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது.

"ரயில் வரும்வரை நான் இங்கே உட்கார்ந்திருப்பேன்" என்றது அந்த அம்மா. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுந்து நின்று பாடம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது குரல். சிவப்புக் கோட்டு, மஞ்சள் தலைத்துணி. அச்சடித்தபோது நிறம் கொஞ்சம் விலகிவிட்டதால் கோட்டின் சிவப்பு இடது பக்கம் ஒரு விரல்கடை அளவுக்கு உடம்பை விட்டு வெளியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்த ஊர், முதல் பெஞ்சில் ஒரு கறுத்த பெண் இருப்பதைப் பார்த்து ஒரு நிமிசம் வாசலிலேயே நின்றது. அது சூசைமாணிக்கம் குடும்பத்தாரின் பெஞ்சு. மணியடித்து, முன்செபம் சொல்லி, கோயிலைப் பூட்டித் திறக்கிற உபதேசியார் பவுல்ராயன் வேகமாகப் போய், "ஏ, யாரு நீ, இது யாரு பெஞ்சுன்னு தெரியுமா?" என்றார்.

"நான் எழுந்திருக்க மாட்டேன். என் கால்கள் வலிக்கின்றன" என்றது லெட்டியம்மா.

அந்தச் செந்தமிழைக் கேட்டதும் உபதேசியார் தானாகவே மேல்துண்டை இறக்கிவிட்டார். மறைக்கல்வி படிக்கிற பிள்ளைகள், நான் காட்டிய புத்தகத்தில் பார்த்திருந்ததால், "லெட்டி, லெட்டி" என்று கத்தின. வெளிநாட்டம்மா என்று ஊர் முடிவுசெய்ய அவ்வளவுதான் தேவைப்பட்டது. வெளிநாட்டம்மா என்றால் விருந்தாளி, விருந்தாளி எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். சூசைமாணிக்கத்தின் வீட்டுக்காரி திரேசம்மா தானே நகர்ந்து இரண்டாம் பெஞ்சுக்குப் போனது. பங்குச்சாமி பிரசங்கத்தில், தோலின் நிறத்தைப் பார்த்து மனுசனை ஒதுக்குவது எவ்வளவு பெரிய பாவம், அந்த வெள்ளைக்காரர்களுக்கு ஆண்டவர் எப்படிக் கணக்குக் கேட்பார் என்று அரைமணி நேரம் சொன்னார். மேலத்தெருப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தூணுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து நாங்களும் துடைத்துக்கொண்டோம்.

பிறகு ஊர் லெட்டியம்மாவைப் பழகிக்கொண்டது. புத்தகத்தில் இருக்கிற நாற்பத்தோரு வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் அதற்குப் பேச வராது என்பது மூன்றாம் நாளே தெரிந்துபோயிற்று, பிள்ளைகள் நாற்பத்தொன்றையும் மனப்பாடம் செய்துவிட்டன. சாப்பிட்டீங்களா என்று திரேசம்மா கேட்டால், "நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது மைல் நடந்தோம்" என்று பதில் வரும், அப்ப ரொம்பப் பசியாத்தான் இருக்கும் என்று இட்லி கொண்டுவருவார்கள். தூங்குறீங்களா என்றால், "நீதிபதி அவர்களே, இந்தச் சட்டம் நியாயமானதல்ல" என்று வரும், பாவம் மெத்தை இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை என்று தலையணை கொண்டுவருவார்கள். பிள்ளையில்லாதவர்கள் பெஞ்சுக் காலில் நூல் கட்டினார்கள். கோயில் வாசலில் ஒருவர் மெழுகுதிரியோடு சிவப்புத் துணியும் விற்றார். ரயில் வரும்வரை என்று அது சொல்லிக்கொண்டே இருந்ததால், எங்கள் ஊருக்குத் தண்டவாளம் வரப்போகிறது என்று பேச்சாகி, எந்த வயல் வழியாகப் போகும் என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று பஞ்சாயத்தில் ஒரு மனுவும் எழுதினார்கள். நான் சனிக்கிழமை தோறும் அதைச் சுற்றிப் பெஞ்சைத் துடைத்தேன். உடம்பை விட்டு வெளியே நின்ற சிவப்பு மட்டும் கட்டையில் ஒட்டிக்கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று, எங்கள் ராக்கினி போய் அதன் பக்கத்தில் உட்காருகிற வரைக்கும்.

ராக்கினி எனக்கு அடுத்த வீடு, இடுப்பில் ஒரு பிள்ளை, வாய் கொஞ்சம் நீளம். "வெளிநாட்டம்மா பக்கத்துல இடம் சும்மாதானக்கா கெடக்கு, புள்ள வேற கனக்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் முந்தானையைப் பிடிப்பதற்குள் நடந்துவிட்டாள். மூன்று வாரமாக அசையாத லெட்டியம்மா அவளுக்காக நகர்ந்தது. நகர்ந்து, கையால் பெஞ்சைத் தட்டி, "வா, இங்கே இடம் இருக்கிறது" என்றது. அது பத்தொன்பதாம் பக்கத்து வாக்கியம், அதுவரை ஊரில் யாருக்கும் அது அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து காலனிக்காரர் யார் தெற்கு வாசலில் கால் வைத்தாலும், பூசை நடுவில் என்றாலும், நடுப்பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்துகிற நேரம் என்றாலும், "வா, இங்கே இடம் இருக்கிறது" என்று குரல் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் ஒருமுறை. நாங்கள் நூற்றுப் பத்துப் பேர். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் வருவதையே நிறுத்தினார்கள், நாலைந்து இளவட்டங்கள் போய் உட்கார்ந்தார்கள். ராக்கினியின் புருசனுக்குச் செங்கல் சூளையில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள், சூளை சூசைமாணிக்கத்தினுடையது. காலனிக் குழாயில் நாலு நாள் தண்ணீர் வரவில்லை, மோட்டார் ரிப்பேர் என்றார்கள். மோட்டாரும் ரிப்பேராகத்தான் இருந்திருக்கும், நான் யாரையும் குறை சொல்லவில்லை.

மிக்கேல் சம்மனசின் திருநாளுக்குக் கொடியேற்றம் நெருங்கியது. வெளியூர்ச் சனம் வரும், ஆயர் வருவார், மானம் போகும் என்று மேலத்தெருவில் கூடிப் பேசினார்கள். ஆறு பேர் சேர்ந்து லெட்டியம்மாவைப் பெஞ்சோடு தூக்கிப் பார்த்தார்கள், ஒரு ரயிலடியையே தூக்குவது மாதிரி கனத்தது. அப்போதுதான் உபதேசியார் என் வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனார், லெட்டியம்மாவின் எதிரில் உட்கார்ந்து இரண்டு நாள் படித்தார்.

மூன்றாம் நாள் காலையில் என்னைச் சாமியார் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். பங்குச்சாமி இருந்தார், சூசைமாணிக்கமும் திரேசம்மாவும் இருந்தார்கள். நாற்பது வருசமாக ஏ சலேத்து என்று கூப்பிட்ட வாயால் திரேசம்மா, "வாங்க சலேத்தம்மா, உக்காருங்க" என்றது. ஒரு நாற்காலி போட்டிருந்தது. நான் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உபதேசியார் நாலாம் பக்கத்தை விரித்து என் பக்கம் திருப்பினார்.

அதில் லெட்டி ஒன்பது வயசுப் பிள்ளை. வெள்ளைக்காரர் பூங்காவில் பெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதன் அம்மா ஓடிவந்து கையைப் பிடிக்கிறாள். அந்தப் பக்கத்தில் மட்டும்தான் என் மகன் பேச்சுத் தமிழில் எழுதியிருந்தான். *எந்திரிச்சு வந்துரு சாமி, நமக்கு எதுக்கு வம்பு.* லெட்டி எழுந்து அம்மாவுடன் போனாள், அதற்குப் பிறகு அவள் ஒருபோதும் எழுந்திருக்கவில்லை, என்று அடுத்த வரி.

"இந்தப் புத்தகத்துல அது எந்திரிச்சது இந்த ஒரு எடத்துலதான்" என்றார் உபதேசியார். "இந்த வார்த்தைக்குத்தான் எந்திரிக்கும். நான் சொல்லிப் பாத்துட்டேன், திரேசம்மா சொல்லிப் பாத்தாங்க, அசையல. இது யாரு சொன்ன வார்த்தைன்னு ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரியும். இஞ்ஞாசிக்குப் பன்னிரண்டு வயசு, குருத்து ஞாயிறு, கையில் குருத்தோலையோடு நேராகப் போய் அந்த முதல் பெஞ்சில் உட்கார்ந்தான். யாரும் அவனை அடிக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தேன், நான்தான் அதைச் சொன்னேன். அவன் எனக்காக எழுந்தான். அந்தக் கை சுரம் வந்த மாதிரிக் கொதித்தது. அடுத்த மாதம் விடுதிக்குப் போனான், லீவுக்கு வந்தாலும் கோயில் பக்கம் வரவில்லை, காலேசுக்குப் போனபின் ஊருக்கே வரவில்லை.

"ஒங்க மகன வரச் சொல்லுங்க" என்றார் சூசைமாணிக்கம். மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார். "திருநாளன்னைக்கு மொத பெஞ்சுல என் பக்கத்துல உக்காரட்டும். சாமியார் முன்னாடி சொல்றேன். இந்தம்மாவ மட்டும் எழுப்பி விட்டுருங்க."

பங்குச்சாமி தன் செபப்புத்தகத்தின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "ஊர்ச் சமாதானம்னு ஒண்ணு இருக்குல்லம்மா" என்றார், நாடாவைப் பார்த்தபடி.

மாதாவே, நான் என்ன செய்வேன். ஒருபக்கம் ராக்கினி வீட்டு அடுப்பு, ஒருபக்கம் தண்ணீர் வராத குழாய், இன்னொரு பக்கம் பதினேழு வருசமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கடைசி வரி, கேட்டபடியே கையில் வைத்து நீட்டுகிறார்கள். என் பிள்ளை அந்தப் பெஞ்சில் உட்காருவான். உபயம் கொடுத்தவரே நகர்ந்து இடம் கொடுப்பார். நான் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடலாம். நான் யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கால் தானாகக் கோயிலுக்கு நடந்தது.

லெட்டியம்மா என்னைப் பார்த்துக் கையால் பெஞ்சைத் தட்டியது. "வா, இங்கே இடம் இருக்கிறது."

"எந்திரிச்சு வந்துரு சாமி" என்றேன். "நமக்கு எதுக்கு வம்பு."

எழுந்துவிட்டது. மறுபேச்சு இல்லை, முகத்தில் கோபம்கூட இல்லை, கையை நீட்டியது. நான் பிடித்துக்கொண்டு தெற்கு வாசலைப் பார்த்து நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் என் பக்கத்தில் உயரம் குறைந்துகொண்டே வந்தது. தூணைத் தாண்டும்போது கோட்டு கவுனாகிவிட்டது, என் கைக்குள் இருந்தது ஒன்பது வயசுப் பிள்ளையின் கை, கொதித்தது. வாசற்படியில் நான் கால் வைத்தபோது கையில் அந்தச் சூடு மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து போன் போட்டேன். "வாய்யா, அவங்களே வரச் சொல்லிட்டாங்க, மொத பெஞ்சுல உக்காரலாம்" என்றேன், மூச்சுவிடாமல்.

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அம்மா, புத்தகத்துக்கு என்னமோ ஆயிருச்சு" என்றான் இஞ்ஞாசி. "பதினோராம் பக்கத்துல பெஞ்சு காலியா இருக்கு. எல்லாப் பிரதியிலயும். ஒரு மாசமா அப்படித்தான் இருந்துச்சு, அச்சுப் பிழைன்னு சொல்லிச் சமாளிச்சோம். இன்னைக்குக் காலையிலேருந்து அதுக்கப்புறம் எந்தப் பக்கத்துலயும் லெட்டி இல்ல. ஜட்ஜு வெறும் கூண்டப் பாத்துப் பேசிட்டிருக்காரு. கடைசிப் பக்கத்துல அந்தப் பலகை மறுபடியும் தொங்குது."

சூடு ஆறாத கையைச் சேலையில் துடைத்தேன்.

"நாலாம் பக்கத்துல மட்டும் இருக்கா. அவங்க அம்மா கையப் புடிச்சிட்டுப் போறா." மறுபடியும் தாளைப் புரட்டினான். "நீ ஏதாச்சும் சொன்னியாம்மா?"

அவன் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்டபடியே இருந்தது, கடைசியில் சார்ஜ் தீர்ந்து போன் அதுவாகவே அணைந்தது.

திருநாள் நடந்தது. இஞ்ஞாசி வரவில்லை. சூசைமாணிக்கம் சொன்ன சொல் தவறாமல் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார், பிரசங்கம் முடிகிற வரைக்கும், பிறகு அங்கே ஆயரின் டிரைவர் உட்கார்ந்தார். ராக்கினியின் புருசனைச் சூளைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். குழாயில் தண்ணீர் வந்தது. லெட்டியம்மா நினைவாகப் பெஞ்சின் முதுகில், சூசைமாணிக்கம் குடும்பத்தார் உபயம் என்பதற்குக் கீழே, சமத்துவத் தாய் அமர்ந்த இடம் என்று புதுசாக எழுதினார்கள். ராக்கினி மட்டும் என்னோடு பேசவில்லை. தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது ஒரே ஒருநாள், "எனக்குத்தான்க்கா அது நகந்து எடம் குடுத்துச்சு" என்றாள், வேறு யாரிடமோ சொல்வது மாதிரி.

திருநாள் முடிந்த சனிக்கிழமை வழக்கம்போலக் கோயிலைக் கழுவினேன். கடைசியாக முதல் பெஞ்சுக்கு வந்தேன். சிவப்பு அப்படியே இருந்தது, ஒரு விரல்கடை அகலத்துக்கு. தேய்த்தேன், மறுபடி தேய்த்தேன். சோப்புத்தூள் போட்டேன். கை ஓய்ந்துபோயிற்று. விளக்குமாற்றைச் சாய்த்துவைத்துவிட்டு, எதற்கு என்று தெரியாமல், அந்தச் சிவப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்து பார்த்தால் பீடம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மாதா சுரூபத்தின் கால்விரல்கூடத் தெரிகிறது. ஒரு விரல் நகத்தில் பெயிண்டு உதிர்ந்திருக்கிறது.

பையில் போன் அடித்தது. இஞ்ஞாசிதான், திருநாளுக்குப் பிறகு முதல் தடவை.

"அம்மா, பதினோராம் பக்கத்துல யாரோ உக்காந்திருக்காங்க."

"அப்படியா" என்றேன்.

"கோடு மட்டும்தான் வந்திருக்கு, நெறம் இன்னும் ஏறல. கோட்டு இல்ல, சேலை. முந்தானைய இடுப்புல சொருகியிருக்காங்க. பக்கத்துல வெளக்கமாறு சாச்சு வச்சிருக்கு." அவன் குரல் பன்னிரண்டு வயசுக் குரலாக இருந்தது. "எங்கம்மா இருக்க?"

"கோயில்லதான்ய்யா."

"எந்திரிக்காதம்மா."

நடைவாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது, உபதேசியார் சாயங்கால மணியடிக்க வருகிற நேரம். எழுந்துவிடத்தான் பார்த்தேன், மாதா சாட்சி. நாற்பது வருசப் பழக்கம், யாராவது வந்தால் உடம்பு தானாக எழும். பெஞ்சின் நுனியைப் பிடித்து ஊன்றினேன். முட்டி மடங்கியது மடங்கியபடியே இருந்தது, கால் என்னுடையது மாதிரியே இல்லை, பெஞ்சு ஒரு ரயிலடி கனத்துக்குக் கீழே இழுத்தது. இதைத் தைரியம் என்று அவன் எழுதிவிடக் கூடாது, எனக்கு எழுந்திருக்க வரவில்லை, அவ்வளவுதான்.

"ஏ சலேத்து" என்றார் உபதேசியார், வாசலில் நின்று.

எனக்கு வேறு வார்த்தை எதுவும் வாயில் இல்லை, நாற்பத்தொன்றில் ஒன்றுதான் இருந்தது.

"என் கால்கள் வலிக்கின்றன" என்றேன்.